சட்டம் மாறிவிட்டது! நாம் எப்போது மாறப் போகிறோம்?

(கொரட்டூரில் நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

பேச்சைத் தொடங்கும் முன் உங்களிடம் ஒரு கேள்வி. இரவு பதினோரு மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வந்த உங்கள் பிள்ளை அப்போதுதான் சாப்பிட உட்காருகிறான். கதவு தட்டப்படுகிறது. வெளியே போலீஸ். "ஒண்ணும் இல்லை பாய், சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்" என்கிறார்கள். பையனை அழைத்துப் போய்விடுகிறார்கள். அந்த நிமிடம் நீங்கள் யாரைத் தேடி ஓடுவீர்கள்?

உண்மையைச் சொல்லுங்கள். கவுன்சிலர் வீட்டுக்கு ஓடுவோம். கட்சிக்காரரை எழுப்புவோம். "எனக்கு ஸ்டேஷன்ல ஆள் தெரியும்" என்று எப்போதோ சொன்னவரின் போன் நம்பரைத் தேடுவோம். "விடியட்டும், பேசி முடிச்சிடலாம்" என்று அவர் சொல்வார். நாமும் நம்பி வீடு திரும்புவோம். விடிந்ததும் இன்னொருவரிடம் ஓடுவோம். வக்கீலின் வாசலுக்குப் போவது மூன்றாம் நாள். அதற்குள் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கும், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்திருப்பார், பையன் புழலில் இருப்பான்.

சகோதரர்களே! வழக்கின் தலையெழுத்து தீர்ப்பு நாளில்தான் எழுதப்படுகிறது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலான வழக்குகளில் அது முதல் 24 மணி நேரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அந்த 24 மணி நேரத்தின் விதிகள் இப்போது மாறியிருக்கின்றன. இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

என்ன மாறியது?

1860-ன் இந்திய தண்டனைச் சட்டம், 1872-ன் சாட்சியச் சட்டம், 1974 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆகிய மூன்றும் 2024 ஜூலை 1 அன்று விலக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா ஆகிய மூன்று சட்டங்கள் வந்துவிட்டன. பெயரை உச்சரிப்பதற்கே தமிழ்நாட்டு வக்கீல்கள் சிரமப்பட்டார்கள். 2023 டிசம்பரில் இவற்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்ட அதே கூட்டத்தொடர் அது. கோடிக்கணக்கான மக்களின் சுதந்திரத்தைத் தொடும் சட்டங்கள், கேள்வி கேட்க வேண்டியவர்கள் வெளியே நின்ற நேரத்தில் நிறைவேறின. தமிழக வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணித்துப் போராடினார்கள். மாநில அளவில் என்ன திருத்தம் செய்யலாம் என்று ஆராய, நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு 2024 ஜூலையில் அமைத்தது.

எதிர்ப்பது நம் உரிமை. ஆனால் எதிர்த்துக்கொண்டே படிக்கவும் வேண்டும். சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. எந்தச் சட்டப்படி கைது செய்கிறார்களோ அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் உரிமையைக் கேட்க முடியும்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த புலன் விசாரணைகளும் வழக்குகளும் பழைய நடைமுறைச் சட்டப்படியே தொடரும். ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்கு நீதிமன்றங்களில் இரண்டு சட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். உங்கள் வழக்கு எதில் வருகிறது என்பதே வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பதினைந்து நாள் கணக்கு

நம்மை அதிகம் பாதிக்கக்கூடிய மாற்றம் புதிய சட்டத்தின் 187-வது பிரிவில் இருக்கிறது. பழைய சட்டத்தில் இது 167.

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதில் மாற்றமில்லை. அதன்பின் இரண்டு வகைக் காவல் உண்டு. ஒன்று நீதிமன்றக் காவல், அதாவது சிறை. மற்றது போலீஸ் காவல், அதாவது விசாரணை அதிகாரியின் கையில் இருப்பது. அடி, மிரட்டல், கட்டாய வாக்குமூலம் என்று நாம் கேள்விப்படுபவை பெரும்பாலும் எங்கே நடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

பழைய சட்டத்தில் போலீஸ் காவல் முதல் 15 நாட்களுக்குள் மட்டும்தான். 1992-ல் அனுபம் குல்கர்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. பதினாறாம் நாள் வந்துவிட்டால் குடும்பம் சற்று மூச்சு விடலாம். பிள்ளை சிறையில் இருக்கிறான், இனி போலீஸ் கைக்குப் போகமாட்டான் என்று நம்பலாம்.

இப்போது அந்த நிம்மதி இல்லை. மொத்தம் 15 நாள் என்ற அளவு அப்படியே இருக்கிறது. ஆனால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, 60 நாள் காவல் வழக்குகளில் முதல் 40 நாட்களிலும், 90 நாள் காவல் வழக்குகளில் முதல் 60 நாட்களிலும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். இன்று மூன்று நாள், இருபதாம் நாள் நான்கு நாள், ஐம்பதாம் நாள் இன்னும் ஐந்து நாள் என்று எடுக்கலாம். போலீஸ் காவல் பாக்கி இருக்கிறது என்று சொல்லியே ஜாமீனை எதிர்க்க இது வழி திறக்கிறது. போலீஸ் காவல் தேவைப்படலாம் என்பது மட்டுமே ஜாமீனை மறுக்கக் காரணமாகாது என்று 480-வது பிரிவும் சொல்கிறது. அதை உங்கள் வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதே 187-ல் நமக்குச் சாதகமான வரிகளும் உண்டு. போலீஸ் காவல் கேட்கும்போது முதல் தடவையும், அது நீடிக்கும் ஒவ்வொரு தடவையும், ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வீடியோவில் காட்டினால் போதாது. காவலில் இருப்பவரைக் காவல் நிலையம், சிறை, அல்லது சிறையாக அறிவிக்கப்பட்ட இடம் தவிர வேறு எங்கும் வைக்கக் கூடாது. லாட்ஜ் அறை, தோட்டத்து வீடு, மூடிக் கிடக்கும் கட்டடம் எல்லாம் சட்டவிரோதம். 60 நாளில் அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் பெறும் உரிமையும் அப்படியே இருக்கிறது. அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைப்பது குடும்பத்தின் வேலை. அன்றே மனுப் போட வேண்டும். மனுப் போடாமல் காத்திருக்க, மறுநாள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது வெறும் சடங்கல்ல. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ரத்தக் காயங்களோடு ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அந்த ரிமாண்ட் நேரத்தில் அவர்கள் சார்பில் பேச ஒரு வக்கீல் இருந்திருந்தால், காயத்தைக் காட்டி மருத்துவப் பரிசோதனை கேட்டிருந்தால்? இந்தக் கேள்வி ஒவ்வொரு பெற்றோரின் நெஞ்சிலும் நிற்க வேண்டும்.

பூந்தமல்லி சொல்லும் பாடம்

"இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் பாய், உண்மை ஒருநாள் வெளியே வரும்" என்று சிலர் சொல்வார்கள். வரும்தான். எத்தனை வருடம் கழித்து?

கொரட்டூரிலிருந்து பூந்தமல்லி எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் அந்த நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? இந்த வழக்குக்குத் தடாச் சட்டக் குற்றங்களே பொருந்தாது என்றது. 19 பேரை விடுவித்தது. ஆனால் தடாச் சட்டத்தின்கீழ் போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலங்களை மட்டும் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. அப்படியொரு வாக்குமூலத்தால் பேரறிவாளனின் ஆயுள் சிறையில் கழிந்தது. அதைப் பதிவு செய்த அதிகாரியே, அவர் சொன்னதை முழுமையாக எழுதவில்லை என்று 2013-ல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1991 ஜூனில் 19 வயதில் கைதானவர், 2022 மே 18 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தால் விடுதலையானார். ஒரு காகிதத்தில் எழுதாமல் விட்ட ஒரு வாக்கியத்தின் விலை முப்பத்தோரு வருடம்!

அந்த வழக்கில் இருந்தவர்கள் நம் சமுதாயத்தவர் அல்லர். அதனால்தான் சொல்கிறேன். நடைமுறை விதிகளைத் தளர்த்தும் சட்டம் இன்று ஒருவர் மீது பாயும், நாளை வேறொருவர் மீது பாயும்.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. 1998 பிப்ரவரி 14 கோவை குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போயின. அந்தக் கொடுமையை அன்றும் கண்டித்தோம், இன்றும் கண்டிக்கிறோம். அந்த வழக்கில் 1998-ல் கைதான அப்துல் நாசர் மதனி, 2007 ஆகஸ்ட் 1 அன்று கோவை தனி நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். இடையில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஜாமீன் இல்லாத சிறை. விடுதலைத் தீர்ப்பு வந்தது, போன ஒன்பது ஆண்டுகள் வரவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. குற்றவாளியைக் காப்பாற்றுவதற்காக நாம் கூடவில்லை. சொந்தப் பிள்ளையே குற்றம் செய்திருந்தாலும் அதை மறைப்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த வழியல்ல. குற்றம் செய்தவன் தண்டனை பெறட்டும். ஆனால் செய்தானா இல்லையா என்பதைச் சரியான முறையில் கண்டுபிடித்த பிறகு பெறட்டும். அந்தச் சரியான முறைக்குப் பெயர்தான் சட்ட நடைமுறை.

கைதின்போது கேளுங்கள், எழுதி வாங்குங்கள்

இனி சொல்பவற்றை வீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.

ஒன்று: கைது செய்ய வருபவரின் சீருடையில் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுதப்பட வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். இது 36-வது பிரிவு. 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின் வழியில் வந்த விதி இது.

இரண்டு: கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2023-ல் பங்கஜ் பன்சால் வழக்கிலும், 2024-ல் பத்திரிகையாளர் பிரபீர் புர்காயஸ்தா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. பிந்தையது 'ஊபா' வழக்கு. காரணம் எழுத்தில் தரப்படவில்லை என்பதால் அந்தக் கைதே செல்லாது என்று தீர்ப்பானது. 2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்று, எந்தக் குற்றமானாலும் காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்றது. அந்த நேரத்தில் முடியாவிட்டால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தந்திருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மூன்று: யாரைக் கைது செய்திருக்கிறார்கள் என்ற விவரத்தை வைத்திருக்க ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஓர் அதிகாரி நியமிக்கப்பட வேண்டும். கைதானவர் பற்றிய தகவல் நிலையத்தில் பார்வையில் படும்படி காட்டப்பட வேண்டும். இது 37-வது பிரிவு. "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பினால், உடனே எழுத்து மூலம் மேலதிகாரிக்கு அனுப்புங்கள். கொரட்டூர் காவல் நிலையம் ஆவடி ஆணையரகத்தின் கீழ் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். தந்தி கொடுத்த காலம் போய்விட்டது. மின்னஞ்சல் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். நாளும் நேரமும் பதிவானால் போதும்.

நான்கு: விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கக் கைதானவருக்கு 38-வது பிரிவு உரிமை தருகிறது. விசாரணை முழுவதும் வக்கீல் கூடவே இருக்க முடியாது. ஆனால் சந்திக்கவே விடமாட்டேன் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஐந்து: வெள்ளைக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். புலன் விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில், சொன்னவரின் கையெழுத்தையே வாங்கக் கூடாது என்பது 181-வது பிரிவு. போலீஸ் அதிகாரியிடம் தரும் குற்ற ஒப்புதல் சாதாரண வழக்குகளில் சாட்சியமாகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு புதிய சட்டத்தின் 23-வது பிரிவிலும் இருக்கிறது.

ஆறு: வீட்டைச் சோதனை போட வந்தால், சோதனையும் பறிமுதலும் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். எடுத்துச் செல்லும் பொருட்களின் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். இது 105-வது பிரிவு. புதிய சட்டத்தின் நல்ல அம்சம். "ஐயா, வீடியோ எடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். எடுக்காவிட்டால், கேட்டும் எடுக்கவில்லை என்பதை அன்றே எழுதி அனுப்புங்கள்.

ஏழு: பெண்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும், உடல்நலம் குன்றியவர்களையும் சாட்சி விசாரணைக்கென்று காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும். இது 179-வது பிரிவு. பெண்ணைச் சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் கைது செய்வதானால் விசேஷக் காரணமும், பெண் அதிகாரியும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

இரண்டு பக்கமும் கூர்மை

முதல் தகவல் அறிக்கை பற்றிய 173-வது பிரிவைப் பாருங்கள். எந்தக் காவல் நிலையமும் "இது எங்கள் எல்லை இல்லை" என்று புகாரைத் திருப்ப முடியாது. அரக்கோணம் ரயிலில் உங்கள் கைப்பையைப் பறித்தாலும், கொரட்டூரில் இறங்கி இங்கேயே புகார் தரலாம். மின்னஞ்சல் மூலமும் தரலாம். மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். நகல் இலவசம். இவையெல்லாம் நன்மைகள்.

அதே பிரிவில், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்கும் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி. தகுதி அதிகாரியின் அனுமதியோடு 14 நாட்கள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். நம் பகுதியில் அது உதவி ஆணையர். 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்றது. புதிய விதியால், அடிபட்ட ஏழையின் புகார் 14 நாள் கிடப்பில் போடப்படலாம் என்ற அச்சம் நியாயமானது.

ஆனால் இதே விதி நமக்குக் கேடயமாகவும் வந்தது. கவிஞரும் மாநிலங்களவை உறுப்பினருமான இம்ரான் பிரதாப்கரி சமூக ஊடகத்தில் இட்ட ஒரு கவிதைக்காகக் குஜராத்தின் ஜாம்நகரில் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட இத்தகைய குற்றச்சாட்டுகளில், எடுத்த எடுப்பில் வழக்குப் போடாமல், இந்தப் பூர்வாங்க விசாரணையைப் பயன்படுத்துவதே முறை என்று கூறியது. மேடையில் பேசும் நம் இளைஞர்களுக்கும், முகநூலில் எழுதும் பிள்ளைகளுக்கும் இந்தத் தீர்ப்பு பயன்படும். படித்தவனுக்குச் சட்டம் கேடயம், படிக்காதவனுக்கு அதே சட்டம் கத்தி.

அபராதம் கட்டிவிட்டுப் போவதா?

இப்போது நம்மில் பலர் கவனிக்காத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 479-வது பிரிவு.

விசாரணைக் கைதியாகவே சிறையில் காலம் கழிப்பவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் பாதியைக் கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்பது பழைய விதி. முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கழித்தாலே போதும் என்று புதிய சட்டம் தளர்த்தியிருக்கிறது. சிறைக் கண்காணிப்பாளரே இதற்காக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். 2024 ஆகஸ்டில், இந்தச் சலுகை பழைய வழக்குகளின் கைதிகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது இல்லை.

நல்ல விஷயம்தான். ஆனால் 'முதல் முறை' என்றால் என்ன? இதற்குமுன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெற்றிராதவர் என்று சட்டம் சொல்கிறது. எந்தக் குற்றத்திலும்! நாம் என்ன செய்கிறோம்? ஒரு தெருச்சண்டை வழக்கு, ஒரு பெட்டி கேஸ். "வாய்தாவுக்கு வாய்தா வேலையைக் கெடுத்துக்கிட்டு அலைய முடியாது, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு" என்று யாரோ சொல்கிறார்கள். பையனும் தலையாட்டிவிட்டுப் பணம் கட்டிவிட்டு வருகிறான். செய்யாத தவற்றுக்கும் சேர்த்து ஒரு தண்டனைப் பதிவு அவன் பெயரில் ஏறிவிட்டது. நாளை வேறொரு வழக்கில் அவன் சிக்கினால், முதல் முறை என்ற சலுகை அவனுக்குக் கிடைக்காது.

இன்னொன்று. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவின் பயனே கிடையாது. போராட்டங்களில் பங்கெடுத்த இளைஞர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்புப் போராட்ட வழக்குகளைக் கைவிடுவதாகத் தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. அறிவிப்பு வந்துவிட்டது, வழக்கு முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் உள்ள வழக்கு உண்மையிலேயே நீதிமன்றத்தில் முடிக்கப்பட்டதா? உத்தரவு நகல் உங்கள் கையில் இருக்கிறதா? நீதிமன்றங்களின் இணையதளத்திலேயே வழக்கின் நிலையைப் பார்க்கலாம். முடியாமல் கிடந்தால் வக்கீலைப் பார்த்து முடியுங்கள். சம்மன் வந்தும் போகாமல் இருந்து வாரண்ட் ஆகிவிட்ட வழக்குகள் இன்னும் ஆபத்தானவை.

கடுமையான குற்றங்களில் அறிவிக்கப்பட்ட தலைமறைவுக் குற்றவாளியாகிவிட்டால், ஆள் இல்லாமலே விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்ல 356-வது பிரிவு வழி செய்கிறது. முன்பெல்லாம் வழக்குக்குப் பயந்து வளைகுடாவுக்குப் போய்விட்டால் வழக்கு தூங்கும் என்று நினைத்தார்கள். இனி அப்படி நினைக்க வேண்டாம்.

ஜமாஅத்தின் கடமை

சகோதரர்களே! இவ்வளவும் சொல்லிவிட்டேன். இதையெல்லாம் நள்ளிரவில், அழுதுகொண்டிருக்கும் ஒரு தாய் தனியாகச் செய்துவிட முடியுமா?

நம்மிடம் உள்ள ஒரு நோயை மனம் திறந்து பேச வேண்டும். ஒரு வீட்டுப் பிள்ளை கைதாகிவிட்டால் அந்த வீட்டுப் பக்கம் போக நாம் அஞ்சுகிறோம். பள்ளிவாசலில் அந்தத் தகப்பனாரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். "நமக்கேன் வம்பு" என்கிறோம். மௌத்து வீட்டுக்கு ஊரே திரண்டு போகிறது. உயிரோடு இருக்கும் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு யாரும் போவதில்லை. பொய் வழக்குப் போட்டவர்கள் செய்யும் கொடுமை ஒரு பங்கு என்றால், அந்தக் குடும்பத்தைத் தனிமைப்படுத்தி நாம் செய்யும் கொடுமை இன்னொரு பங்கு. இதற்கு மறுமையில் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். ஒருவர் இளைஞர், ஒருவர் பெரியவர். அம்பத்தூர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வக்கீல்களில் இரவிலும் போனை எடுக்கக்கூடிய இருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர் நம் சமுதாயத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நேர்மையானவராக, வேலை தெரிந்தவராக இருந்தால் போதும். ஜாமீன்தாரராக நிற்கக் கூடியவர்களின் பட்டியல் தயாராக இருக்கட்டும். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் சிறையிலேயே கிடக்கும் ஏழைகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா?

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம். 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவர் எவரானாலும், பெண்கள் எவரானாலும், வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். இது தர்மம் அல்ல, உங்கள் உரிமை.

வீட்டுக்கு ஒரு கோப்பு வையுங்கள். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, வேலை பார்க்கும் இடத்தின் அடையாள அட்டை, சம்பவ நாளில் வேலையில் இருந்ததற்கான வருகைப் பதிவு, மருத்துவச் சீட்டு, இவற்றின் நகல்களெல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். முதல் தகவல் அறிக்கைகளை, மிக நுட்பமான வழக்குகள் தவிர, 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. பதிவிறக்கம் செய்யத் தெரிந்த பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருப்பான். முடிந்தால் அந்தப் பிள்ளையைச் சட்டம் படிக்க வையுங்கள். டாக்டருக்கும் என்ஜினீயருக்கும் துஆச் செய்யும் தாய்மார்களே, மகளையோ மகனையோ நீதிபதியாக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

கடைசியாக, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கே வருகிறேன். இரவு பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டால் யாரைத் தேடி ஓடுவீர்கள்? இனி நீங்கள் ஓட வேண்டாம். நிதானமாக நில்லுங்கள். வந்தவர் பெயரைப் பாருங்கள். எந்தக் காவல் நிலையம், என்ன வழக்கு என்று கேளுங்கள். காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மஹல்லாவின் பொறுப்பாளருக்குப் போன் செய்யுங்கள். அவர் வக்கீலை அழைப்பார். விடிவதற்குள் ஒரு கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். மறுநாள் மாஜிஸ்திரேட் முன் உங்கள் பிள்ளை தனியாக நிற்கமாட்டான்.

சட்டத்தை மாற்றப் போராடுவோம். மாறும்வரை இருக்கிற சட்டத்தில் நமக்குரிய ஒவ்வொரு வரியையும் கேட்டுப் பெறுவோம். நீதியின் பக்கம் நிற்கவும், அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவருக்குத் துணை நிற்கவும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!